மூன்று கோடைகளைக் கண்ட ஜன்னல் பூக்கள்

சென்னையின் தென் புறநகரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் கூடத்து ஜன்னல் நேர் மேற்கே பார்த்திருக்கிறது. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் அதன் அருகில் உட்கார முடியாது. அந்த வெளிச்சத்தை முழுவதும் திரைபோட்டு மறைக்க மனமில்லாமல்தான், உலர்த்திய பூக்களைக் கண்ணாடியிலும், ஊற்றி இறுகவைக்கும் பிசினான ரெசினிலும் பதித்துத் தொங்கவிடும் சன்கேச்சர்களை 2022 பொங்கல் விடுமுறையில் செய்யத் தொடங்கினேன். அப்போது பார்த்த செய்முறைக் காணொளிகள் எல்லாமே, செய்த பொருளை ஜன்னலில் மாட்டி அழகு பார்ப்பதோடு முடிந்துவிட்டன. மாட்டிய பிறகு அவை என்ன ஆகின்றன என்பதை மூன்று கோடைகளும் மூன்று வடகிழக்குப் பருவமழைகளும் பார்த்த பின்பு இங்கே எழுதுகிறேன்.

முதல் முயற்சி அவமானமாகவே முடிந்தது. மெழுகுத்தாள் இரண்டுக்கு நடுவே பூவை வைத்து இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று பார்த்துவிட்டு, மளிகைக் கடையில் பட்டர் பேப்பர் வாங்கி வந்து தேய்த்தேன். எத்தனை முறை தேய்த்தும் இரண்டு தாள்களும் தனித்தனியாகவே கிடந்தன. நான் வாங்கிய பட்டர் பேப்பரில் மெழுகே இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. அடுத்து, தெருமுனை ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் செய்து பார்த்தேன். இதழ்கள் ஒட்டின, ஆனால் இயந்திரத்தின் சூட்டில் ரோஜா இதழ் பழுப்பேறியது. காம்பு தடித்த இடங்களில் காற்று சிக்கி, மே மாதத்தில் அந்தக் காற்றுக்குமிழ்கள் பெருத்துப் பிளாஸ்டிக் பிரியத் தொடங்கியது. குழந்தைகளோடு ஒரு விடுமுறை நாளைக் கழிக்க அந்த முறை போதும். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

பூவை அழுத்தி உலர்த்துவதில்தான் வேலையின் பெரும்பகுதி இருக்கிறது. செய்தித்தாளை நேரடியாகப் பூவின் மேல் வைத்து நான் அழுத்திய நந்தியாவட்டை ஒன்றின் இதழில், ஏதோ ஒரு நிலவிற்பனை விளம்பரத்தின் இரண்டு எழுத்துகள் தலைகீழாக அச்சாகியிருந்தன. அன்று முதல் பூவை ஒட்டி வெள்ளை டிஷ்யூ தாளையும், அதற்கு வெளியே செய்தித்தாளையும் வைத்து, மேலே அம்மிக் குழவியை ஏற்றிவிடுகிறேன். முதல் வாரம் தினமும் தாளை மாற்ற வேண்டும். கோடையில் இரண்டு வாரத்தில் உலரும் பூ, ஐப்பசியில் நான்கு வாரமானாலும் உலர்வதில்லை. உலர்ந்துவிட்டதா என்று அறிய, பூவை மேலுதட்டில் மெல்ல வைத்துப் பார்க்கிறேன். ஈரம் மிச்சமிருந்தால் சில்லென்று தெரியும். இந்தச் சோதனையைத் தவிர்த்த ஓர் அவசரத்தில், கண்ணாடிக்குள் அடைத்த இரண்டு செம்பருத்திகள் கார்த்திகை பிறப்பதற்குள் பூஞ்சை பூத்துவிட்டன. உலர்ந்த பூக்களைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்காவிட்டால், ராமபாணப் பூச்சிகள் இதழ்களைச் சல்லடையாக்கிவிடுகின்றன.

நான் அதிகமாகச் செலவு செய்ததும், அதிகமாக ஏமாந்ததும் எபாக்ஸி ரெசினில்தான். எனக்குக் கிடைத்த ரெசினில் இரண்டு பங்குக்கு ஒரு பங்கு கெட்டியாக்கும் திரவம் சேர்க்க வேண்டும். அந்தக் கணக்கு கன அளவுக்கு உரியது என்பதைக் கவனிக்காமல் சமையலறைத் தராசில் எடை போட்டுக் கலந்தேன். வாரக்கணக்கில் காத்திருந்தும் அது பிசுபிசுப்பாகவே இருந்தது. அதில் பதிந்த என் கட்டைவிரல் ரேகை இன்றும் அப்படியே இருக்கிறது. சரியான அளவில் கலந்தவை 24 மணி நேரத்தில் இறுகின, முழு உறுதி பெற மூன்று நாட்கள் ஆயின. மழைக்காலத்தில் வார்த்தவற்றின் மேல் மட்டும் வெண்மையான மங்கல் படர்ந்தது. காற்றிலுள்ள ஈரம் கெட்டியாக்கும் திரவத்தோடு வினைபுரிவதால் வரும் கோளாறு அது. இவை எல்லாவற்றையும் சரிசெய்த பிறகும், இரண்டாவது கோடை முடிவதற்குள் தெளிவாக இருந்த ரெசின் நீர்த்த தேநீரின் நிறத்துக்கு வந்துவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்க அலமாரிக்குள் வைத்திருந்த ஒன்றும் லேசாக மஞ்சள் பூத்திருந்தது, ஆனால் ஜன்னலில் தொங்கியதன் அளவுக்கு இல்லை. கையுறையும் திறந்த ஜன்னலும் இல்லாமல் இந்தப் பொருளைத் தொடவே கூடாது. அதனால் தோலில் உண்டாகும் ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் எளிதில் விடுவதில்லை. இனி நான் ரெசின் வாங்கப் போவதில்லை.

கண்ணாடி இந்த மூன்று ஆண்டுகளில் சிறிதும் மாறவில்லை. படத்துக்குச் சட்டம் போடும் கடையில் 2 மில்லிமீட்டர் கண்ணாடியை நான்குக்கு ஆறு அங்குலத்தில் இரண்டிரண்டு துண்டுகளாக வெட்டி வாங்கி, நடுவே பூவை வைத்து, ஓரங்களைச் செம்பு நாடாவால் சுற்றி, அதன் மேல் ஈயத்தை உருக்கிப் பூசிச் சால்டரிங் செய்தேன். ரேடியோ பழுதுபார்க்கும் 25 வாட் சால்டரிங் கருவி இதற்குப் போதாது. ஈயம் உருகி ஓடாமல் கட்டி கட்டியாக நின்றது. 60 வாட் வாங்கிய பிறகே விளிம்பு வழவழப்பாக வந்தது. சாதாரண சால்டர் கம்பியில் 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் இருப்பதால், வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பாட்டுத் தட்டில் கை வைப்பதில்லை என்பதை வீட்டில் விதியாகவே வைத்திருக்கிறோம். உறிஞ்சு கொக்கிகள் மேற்கு வெயிலில் இளகி விழுந்துவிடும் என்பதால், ஜன்னல் கம்பியிலேயே தூண்டில் நரம்பால் கட்டிவிடுகிறேன்.

கண்ணாடி காக்கும், நிறத்தைக் காக்காது. ஜன்னல் கண்ணாடி புற ஊதாக் கதிர்களில் ஒரு பகுதியை மட்டுமே தடுக்கிறது. மீதமுள்ளவையும், கண்ணுக்குத் தெரியும் ஒளியும் சேர்ந்து நிறமிகளைச் சிதைத்துவிடுகின்றன. உலரும்போதே செம்பருத்தியின் சிவப்பு கருநீலமாகிவிடுகிறது, மல்லிகை பழுப்பாகிவிடுகிறது. சங்குப்பூவின் நீலம் எதிர்பார்த்ததைவிட நெடுநாள் நின்று, எட்டு மாதத்துக்குப் பிறகே சாம்பலை நோக்கிச் சாய்ந்தது. காகிதப்பூவின் அடர் ஊதாச் சிவப்பு ஓராண்டில் வைக்கோல் நிறத்துக்கு வெளுத்தது. உலர்த்திய செடிகளைச் சேமித்துவைக்கும் காப்பகமான, கோவையிலுள்ள மதராஸ் ஹெர்பேரியத்தின் வரலாறு 1853இல் தொடங்குகிறது. அது போன்ற இடங்களில் பாடம்செய்த செடிகள் தலைமுறைகளைத் தாண்டி நிற்பதற்கு, அவற்றை வெளிச்சம் படாத அலமாரிகளில் வைத்திருப்பது ஒரு முக்கியக் காரணம். நாமோ அதே பொருளை எடுத்து வேண்டுமென்றே வெயிலுக்கு எதிரே மாட்டுகிறோம்.

ஆனால் அந்த வெளுத்த காகிதப்பூவை நான் கழற்றவில்லை. நிறம் இருந்தபோது கண்ணில் படாத நரம்புகள், நிறம் போன பிறகு பின்னிருந்து வரும் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. நடு நரம்பிலிருந்து கிளைத்து, ஓரத்தை அடைவதற்குள் நூலிழையாகி மறையும் அந்த வலையைப் பார்த்த பிறகு, நிறத்தை நம்பிப் பூவைத் தேர்ந்தெடுப்பதை விட்டுவிட்டேன். கொல்லைத் தொட்டியில் பூத்துவிட்டதே என்று பிடுங்கி எறியும் கொத்தமல்லியின் குடை போன்ற பூங்கொத்து, என் ஜன்னலிலேயே அழகானது. அது முதலிலிருந்தே ஏறக்குறைய வெள்ளைதான் என்பதால், இழக்க அதனிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. முற்றிய அரசிலையை ஒரு மாதம் நீரில் ஊறவைத்து, நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு, பழைய பல் துலக்கியால் சதையை நீக்கி எடுத்த நரம்புச் சல்லடை மூன்றாவது ஆண்டிலும் தொங்கவிட்ட நாள்போலவே இருக்கிறது.

நிறமே வேண்டும் என்பவர்களுக்காக நான் செய்துகொண்ட ஒரே மாற்றம், கண்ணாடியின் ஓரங்களை நிரந்தரமாக மூடாமல் விட்டதுதான். அலுமினியக் கடையில் மெல்லிய யூ வடிவச் சட்டத்தின் வெட்டுத் துண்டுகளை வாங்கி, மூன்று பக்கம் மட்டும் ஒட்டி, மேல்பக்கத்தைச் செருகி எடுக்கும்படி வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது அதை உருவி, வெளுத்த சங்குப்பூக்களை எடுத்துவிட்டு, மார்கழியில் அழுத்திவைத்த புதியவற்றைச் செருக, கண்ணாடியைத் துடைக்கும் நேரத்தையும் சேர்த்துக் கால் மணி நேரம் ஆகிறது.