மெஷின் ஹெட் 25-ஆம் ஆண்டுப் பதிப்பு: இருபது வருஷத்துக்கு மேல் கேட்ட பிறகு

போன மாதம் சிடி பிளேயர் படுத்துவிட்டது. தட்டு சுற்றும், பாட்டும் வரும், நாலைந்து நிமிஷம் ஆனதும் திக்கித் திக்கி நின்றுவிடும். பழுது பார்ப்பவர் திறந்து பார்த்துவிட்டு, "லென்ஸ் போயிருச்சுங்க சார். பார்ட்ஸ் வர பத்து நாள் ஆகும். இந்தக் காசுக்கு புளூடூத் ஸ்பீக்கரே வாங்கிக்கலாமே?" என்றார். பத்து நாள் ஆனாலும் பரவாயில்லை, மாற்றியே கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். வேலை முடிந்து போனபோது, போட்டுப் பார்க்க ஒரு சிடி இருந்தால் கொடுங்கள் என்றார். நான் பையில் எடுத்துப் போயிருந்தது, டீப் பர்ப்பிள் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் மெஷின் ஹெட் ஆல்பத்தைத்தான்.

அதே வாரம் கல்லூரி நண்பனிடமிருந்து வாட்ஸாப்பில் கேள்வி. "மச்சான், மெஷின் ஹெட் அம்பதாவது வருஷப் பெட்டி பாத்தேன். வெல கொல்லுது. வாங்கலாமா, இல்ல உன்கிட்ட இருக்கற பழைய ரெட்டை சிடியே போதுமா?" அவனுக்கு ரெண்டு வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 1997-இல் வந்த, அந்த ஆல்பத்தின் 25-ஆம் ஆண்டுப் பதிப்பு. நான் வாங்கியது 2003-இல். ரெண்டு தட்டு. முதல் தட்டில் பேஸ் கிட்டார் வாசித்த ரோஜர் குளோவரே உட்கார்ந்து செய்த புது ரீமிக்ஸ். ரெண்டாவது தட்டில் 1972-இல் வந்த அதே ஆல்பம், ரீமாஸ்டர் செய்தது. ரீமிக்ஸ் என்றதும் பழைய பாட்டுக்கு அடியில் புது பீட் போடும் சமாச்சாரத்தை நினைக்க வேண்டாம். 16 டிராக் நாடாவில் தனித்தனியாகக் கிடக்கும் கிட்டார், ஆர்கன், டிரம்ஸ், குரல் எல்லாவற்றையும் மறுபடி எடுத்து, எது முன்னால், எது பின்னால், எது இடது, எது வலது என்று முதலிலிருந்து கலப்பது. ரீமாஸ்டர் என்பது கலந்து முடித்த நாடாவைச் சுத்தம் செய்து மெருகேற்றுவது மட்டும். இந்த வித்தியாசம் தெரியாமல்தான் அன்றைக்கு நான் வாங்கினேன்.

வாங்கிய அன்று நடந்ததைச் சொன்னால்தான் என் கோபம் புரியும்.

அதற்கு முன் பத்து வருஷம் இந்த ஆல்பம் எனக்குக் கேசட். ரெக்கார்டிங் கடையில் காசு கட்டிப் பதிந்து வாங்கியது. 90 நிமிஷ கேசட்டின் ஒரு பக்கத்தில் ஏழு பாட்டும் அடங்கி, மேற்கொண்டு கொஞ்சம் நாடா மிஞ்சும். ஹைவே ஸ்டார் தொடங்கி ஸ்பேஸ் டிரக்கின் முடியும்வரை எத்தனை நூறு முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. ஸ்மோக் ஆன் த வாட்டர் பாட்டில் ரெண்டாவது முறை பல்லவி முடிந்ததும் குழுவின் கிட்டார்காரர் ரிச்சி பிளாக்மோரின் சோலோ, அதாவது தனி வாசிப்பு, வரும். அதன் ஒவ்வொரு வளைவும் எனக்கு மனப்பாடம். வாயாலேயே வாசிப்பேன். எந்த இடத்தில் ஸ்வரத்தை இழுத்து நடுங்க விடுவார், எந்த இடத்தில் மூச்சு விட்டு மறுபடி ஏறுவார் என்று, கண்ணை மூடிக்கொண்டு வீட்டுப் படி இறங்குவதுபோல் தெரியும்.

புது சிடியைப் பிரித்தேன். யாரானாலும் முதலில் முதல் தட்டைத்தானே போடுவார்கள்? போட்டேன். அத்தனை தெளிவு. கேசட் இரைச்சலுக்குள் புதைந்து கிடந்த பேஸ் கிட்டார் எழுந்து நின்று நடந்தது. பிக்சர்ஸ் ஆஃப் ஹோம் பாட்டின் நடுவில் வரும் அந்தக் குட்டி பேஸ் சோலோவில் விரல் கம்பியைத் தட்டும் சத்தம்கூடக் கேட்டது. அப்புறம் ஸ்மோக். கிட்டாரில் திரும்பத் திரும்ப வரும் அந்த ரிஃப், டிரம்ஸில் ஹை-ஹாட், ஸ்னேர், அப்புறம் பேஸ், ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ரெண்டு சரணம் போனது. பல்லவி முடிந்தது. நான் வாயைத் திறந்து தயாராக இருந்தேன்.

வேறு சோலோ வந்தது.

வாசித்தது பிளாக்மோர்தான், வாசிப்பும் மோசம் இல்லை. நாடாவில் கிடந்த இன்னொரு சோலோவை எடுத்து அந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஊர்த் தேரடியில் தேர் இருக்கும் என்று நம்பிப் போனவனுக்கு வேறொரு தேரைக் காட்டினால் எப்படி இருக்கும்? அன்றைக்குப் பாதியில் நிறுத்திவிட்டு, சிடி மாறிப்போய்விட்டதோ என்று அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ரெண்டாவது தட்டைப் போட்ட பிறகுதான் உயிர் வந்தது. அங்கே பழைய சோலோ பத்திரமாக இருந்தது.

இருபது வருஷம் கழிந்தும் அந்த எரிச்சல் தணியவில்லை. போன வாரம் பழுதுபார்ப்புக் கடையில் அந்த முதல் தட்டைத்தான் போட்டுப் பார்த்தார்கள். சோலோ வரும் இடத்தில் என் தோள் தானாக இறுகுவதைக் கவனித்தேன்.

இதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், இந்த ஆல்பம் பதிவான விதம் அப்படிப்பட்டது. 1971 டிசம்பரில் குழுவினர் சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரூ நகருக்குப் போனார்கள். ஏரிக்கரையில் இருந்த காசினோவில், ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவிடம் வாடகைக்கு எடுத்த நடமாடும் ஸ்டுடியோ லாரியை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே வாசிப்பதாகத் திட்டம். டிசம்பர் 4 அன்று அங்கே அமெரிக்க ராக் கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவின் கச்சேரி. கூட்டத்தில் எவனோ ஒருவன் கூரையைப் பார்த்து ஃப்ளேர் துப்பாக்கியால் சுட, காசினோ முழுக்க எரிந்து போனது. ஏரி மேல் புகை படர்ந்ததை இவர்கள் ஓட்டலிலிருந்து பார்த்தார்கள். பாட்டில் சொல்வது அந்தக் கதையைத்தான். எரிகிற கட்டடத்துக்குள் ஓடி ஓடிப் பிள்ளைகளை வெளியே இழுத்து வந்த, மோன்ட்ரூ ஜாஸ் விழாவை நடத்திய க்ளோட் நோப்ஸ்கூடப் பாட்டில் வருகிறார்.

இடம் போய்விட்டது. நோப்ஸ்தான் பெவிலியன் என்ற பழைய அரங்கத்தைப் பிடித்துக் கொடுத்தார். அங்கே ராத்திரியில் போட்ட சத்தத்துக்கு அக்கம்பக்கத்தார் புகார் கொடுக்க, போலீஸ் வந்துவிட்டது. வாசிப்பு முடியும்வரை கூட வந்த வேலையாட்கள் கதவை உள்ளிருந்து பிடித்துக்கொண்டு நின்றார்கள். அன்றைக்குப் பதிவானதுதான் ஸ்மோக் பாட்டின் அடித்தளம். அப்போது அதற்குப் பாட்டு வரியும் இல்லை, பெயரும் இல்லை.

கடைசியில் குளிர்காலத்துக்காக மூடிக் கிடந்த கிராண்ட் ஓட்டல். ஆள் இல்லாத கட்டடம். தாழ்வாரத்தில் மெத்தைகளைச் சாய்த்து வைத்து எதிரொலியை அடக்கி, அதற்குள் நின்று வாசித்தார்கள். லாரி வெளியே. வாசித்ததைக் கேட்டுப் பார்க்க வேண்டுமென்றால் அறை அறையாகப் புகுந்து, பால்கனி தாண்டி, குளிரில் லாரிக்குப் போய் வர வேண்டும். கொஞ்ச நாளில் அலுத்துப்போய், போய்க் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். வாசிப்பார்கள். லாரிக்குள் இருந்த ஒலிப்பதிவாளர் மார்ட்டின் பிர்ச் சரி என்றால் சரி, அடுத்தது. ஹைவே ஸ்டார் சோலோவை பிளாக்மோர் முன்கூட்டியே ஸ்வரம் ஸ்வரமாக யோசித்து வைத்து வாசித்தார். மற்றதெல்லாம் அந்தக் குளிரும் அவசரமும் சேர்ந்து பிறந்தவை. இன்னும் நல்லதாக ஒன்று கிடைக்குமா என்று தேடித் தேடிச் செதுக்காமல், இது போதும் என்று நம்பி விட்டுவிட்டுப் போன ஆல்பம். அந்த நம்பிக்கை எனக்குப் பெரிது. 25 வருஷம் கழித்து அந்த முடிவில் கைவைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. கைவைத்தவர் அதே குழுவில் இருந்தவர் என்பதும், ஸ்மோக் என்ற அந்தப் பெயரே தூக்கத்தில் அவர் வாயில் வந்ததுதான் என்பதும் எனக்குத் தெரியும். உரிமை அவருக்கு உண்டு, நான் இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. அதே ரீமிக்ஸில், அதே பாட்டின் கடைசியில்.

1972 ஆல்பத்தில் ஸ்மோக் 5 நிமிஷம் 40 விநாடி. கடைசிப் பல்லவி முடிந்ததும் ரிஃபின் மேல் குழுவின் ஆர்கன்காரர் ஜான் லார்டின் ஹாமண்ட் ஆர்கன் சுழன்று ஏறத் தொடங்கும். தொடங்கிய உடனே சத்தத்தைக் குறைத்து மூடிவிடுவார்கள். கேசட் காலத்தில் ஒலி தேயத் தேய வால்யூமைத் திருகிக்கொண்டே போவேன். கடைசியில் இரைச்சல்தான் மிஞ்சும். ரீமிக்ஸில் மூடுவதைத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். அரை நிமிஷத்துக்கு மேல் கூடுதல். மார்ஷல் ஆம்ப் வழியாக விட்டுக் கரகரப்பாக்கிய அந்த ஆர்கன் கிட்டாரா ஆர்கனா என்று தெரியாத குரலில் உறுமிவிட்டு, பிறகு தனியாகப் பிரிந்து மேலே போகிறது. பத்து வருஷம் வாசலோடு திரும்பி வந்த வீட்டுக்குள் யாரோ கையைப் பிடித்து அழைத்துப் போனதுபோல் இருந்தது. லார்ட் 2012 ஜூலையில் காலமானார். அன்று இரவு நான் போட்டது வேறெதையும் இல்லை, முதல் தட்டின் ஐந்தாவது பாட்டில் கடைசி அரை நிமிஷத்தைத்தான். ரிமோட்டில் ஃபார்வர்ட் பொத்தானை அழுத்தி சோலோவைத் தாண்டிப் போய்க் கேட்டேன்.

இன்னொரு கொடை, வென் எ பிளைண்ட் மேன் கிரைஸ். அதே மோன்ட்ரூ நாட்களில் பதிவானது. ஆனால் ஆல்பத்தில் சேர்க்காமல், நெவர் பிஃபோர் என்ற சிங்கிளின் பின்பக்கத்தில் போட்டு ஒதுக்கிவிட்டார்கள். பிளாக்மோருக்கு அது பிடிக்கவில்லை. அவர் இருந்தவரை மேடையிலும் அதற்கு இடம் கிடைத்தது அபூர்வம். மூன்றரை நிமிஷப் பாட்டு. மற்ற ஏழு பாட்டிலும் கூரையைப் பெயர்க்கும் பாடகர் இயான் கில்லன் இதில் குரலை அடக்கி, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் பாடுகிறார். கேசட்டில் எனக்கு இது கிடைக்கவே இல்லை. இந்தப் பதிப்பில் ரெண்டு தட்டிலும் இருக்கிறது. என் மனைவி இந்தக் குழுவில் கேட்கச் சம்மதிக்கும் ஒரே பாட்டும் இதுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளே போடுவாள்.

மற்றவை சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ரெண்டாவது தட்டு ரீமாஸ்டர் எனக்குக் குறையில்லாதது. சத்தம் கொஞ்சம் கூட்டியிருக்கிறார்கள், ஆனால் டிரம்ஸ் வாசித்த இயான் பெய்ஸின் ஸ்னேர் அடி நசுங்கவில்லை. லேஸி பாட்டின் முகப்பில் ஆர்கன் மெதுவாகக் கண் விழிக்கும் பகுதி, ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு குறைந்த ஒலியில் கேட்க அருமை. கடைசியில் ரெண்டு பாட்டின், நாலு ஸ்பீக்கருக்கான நாலு-சேனல் கலவை இருக்கிறது, அதை நான் அதிகம் தொட்டதில்லை. டப்பாவின் கீல் மூன்றாம் வருஷமே உடைந்தது. தட்டைப் பிடிக்கும் பல் ஒன்று ஒன்றாக உதிர்ந்து, இப்போது காகித உறையில் வைத்திருக்கிறேன். புத்தகம் மட்டும் நன்றாக இருக்கிறது, படங்களும் கதையும் இன்றைக்கும் எடுத்துப் படிக்கத் தோன்றும்.

இனி நண்பன் கேட்ட 2024 பெட்டி. அதில் இன்னொரு புது ரீமிக்ஸ், ட்வீஸில் ஸாப்பா செய்தது. காசினோ எரிந்த அன்று மேடையில் இருந்த ஃபிராங்க் ஸாப்பாவின் மகன். அந்தத் தீயிலிருந்து பிறந்த பாட்டை ஸாப்பாவின் பிள்ளை கையிலேயே கொடுத்தது எனக்கு மனசுக்கு நிறைவாக இருந்தது. போனில் அதை மூன்று நான்கு முறை கேட்டேன். அவ்வளவில் தீர்ப்புச் சொல்லக்கூடாது, இருபது வருஷம் கேட்டதற்கும் இதற்கும் ஒரே தராசு ஆகாது. பெட்டிக்குள் 1972 மார்ச்சில் லண்டனில் வாசித்த கச்சேரியும், 1971 ஏப்ரலில் மோன்ட்ரூவில் வாசித்த கச்சேரியும் இருக்கின்றன. அந்த ரெண்டாவதுதான் என்னை இழுக்கிறது. எட்டு மாதம் கழித்து எரியப் போகும் காசினோவில் வாசிக்கிறார்கள். வாசிப்பவர்களுக்கு அது தெரியாது, கேட்கும் நமக்குத் தெரியும்.

டேய், உனக்கு என் பதில் இதுதான். பெட்டி வேண்டாம். என் ரெட்டை சிடியும் உனக்கு வேண்டாம். நீ இந்த ஆல்பத்தை முழுசாக ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்று எனக்குத் தெரியும். ஏழு பாட்டு மட்டும் இருக்கும் சாதாரண சிடி எங்காவது கிடைக்கும், 37 நிமிஷம், அதை வாங்கு. அந்த சோலோ உன் வாயில் ஏறும்வரை வேறு எதையும் கேட்காதே. ரீமிக்ஸைப் பற்றி மேலே நான் சொன்ன நல்லதெல்லாம் நிஜம், ஆனாலும் அதை முதலில் கேட்டு நீ வளர்வதை நான் விரும்பவில்லை. கடையில் கிடைக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, ரெண்டாவது தட்டை எடுத்துப் போ. எத்தனை மாதம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்.

முதல் தட்டை மட்டும் என்னிடம் கேட்காதே. அதை நான் யாருக்கும் கொடுப்பதாக இல்லை.