செரிமானப் பாடம்: மூன்று நாட்டுப் புத்தகங்கள்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூசன் எடுக்கிறேன். கேரளப் பாடத்திட்டம், தமிழ் மீடியம். பள்ளிப் புத்தகத்தோடு வேறு எதைப் படிக்க வைக்கலாம் என்று கேட்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

என் மனதைக் கவர்ந்தது அமெரிக்காவின் ஓப்பன்சைஎட் (OpenSciEd) என்ற அறிவியல் பாடத்தொகுப்பு. இணையத்தில் இலவசம். செரிமானப் பாடத்தை வாய், உணவுக்குழல், இரைப்பை என்று வரிசை சொல்லித் தொடங்குவதில்லை. மெக்கென்னா என்ற சிறுமிக்கு உடம்பு சரியில்லை. ஏன் என்று பிள்ளைகள்தான் துப்புத் துலக்க வேண்டும். சிறுகுடலின் உள்சுவரில் விரல்போல் நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் சிதைந்திருப்பதைப் படத்தில் பார்த்ததும், அவை எதற்கு இருக்கின்றன என்று அவர்களே கேட்கிறார்கள். வீட்டுக்குப் போகும் நேரத்தில்கூட ஒருத்தி வாசலில் நின்று, "டீச்சர், அந்தப் புள்ளைக்குச் சரியாயிருமா?" என்றாள். பாடப்புத்தகம் ஒன்று பிள்ளையை இப்படிக் கேட்க வைப்பது பெரிய விஷயம். மெக்கென்னாவுக்கு இருப்பது, கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாத நோய்.

நம் மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டியின் பழைய ஏழாம் வகுப்புப் புத்தகத்திலும் இதற்கு இணையான கதை உண்டு. 1822-இல் குண்டடிபட்ட அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டினின் வயிற்றில் ஆறாமல் நின்ற துளை வழியே, டாக்டர் போமாண்ட் இரைப்பை வேலை செய்வதைப் பார்த்தார். அந்தக் கதையைப் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்திக்குள் அடைத்துவிட்டார்களே என்பதுதான் என் வருத்தம். ஆனால் சோதனையில் இந்தப் புத்தகத்தை மிஞ்ச முடியாது. வெறும் சோறு ஒரு குழாயில், மென்ற சோறு இன்னொன்றில். இரண்டிலும் அயோடின் சொட்டு. முதலாவது கருநீலமாகும், மற்றது ஆகாது. உமிழ்நீர் மாவுச்சத்தைச் சிதைப்பதைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு மனப்பாடம் தேவையில்லை.

இலங்கை அரசின் தமிழ்ப் புத்தகங்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஏழாம் தரம் தாவரப் பல்வகைமையில் தொடங்குகிறது. தென்னையும் பலாவும் வளரும் நாடு என்பதால் நம் பிள்ளைகளுக்கு அந்நியமில்லை. தமிழிலேயே தனியாக வாசிக்க இதைத்தான் கொடுப்பேன்.

அமெரிக்கப் பாடத்தின் குறை, நீளமும் ஆங்கிலமும். உணவு எங்கிருந்து வருகிறது என்ற பாடத்தில் மேப்பிள் மரத்தின் சாற்றைக் காய்ச்சி எடுக்கும் பாகு வரும். நான் அங்கே தென்னம்பாளையிலிருந்து வடியும் நீராவைச் சொல்லிக்கொடுக்கிறேன். சித்தூர் தாலூகாப் பிள்ளைகளுக்கு அது போதும். பிரிண்ட் எடுப்பவர்கள் ஆசிரியர் கையேட்டையும் சேர்த்து எடுங்கள். மாணவர் பகுதியில் கேள்விகள் இருக்கும், எங்கே கொண்டுபோய் முடிப்பது என்ற வழி கையேட்டில்தான் இருக்கிறது.