அரசுக் குடியிருப்பா, வாடகை வவுச்சரா?

அமெரிக்காவில் ஏழைக் குடும்பங்களின் வாடகைச் சுமையைக் குறைக்க மத்திய அரசின் பணத்தில் நடக்கும் பெரிய திட்டங்களில் இரண்டைப் பார்ப்போம். ஒன்று, 1937 சட்டத்தில் பிறந்த அரசுக் குடியிருப்பு. மற்றது, 1974-ல் வந்த வாடகை உதவித் திட்டமான ‘செக்‌ஷன் 8’-இலிருந்து வளர்ந்த வவுச்சர்; குடும்பம் தனியாரிடம் பிடிக்கும் வீட்டுக்கு வாடகையின் மீதியை அரசு கட்டும் சீட்டு இது. இரண்டிலும் குடும்பம் தருவது பெரும்பாலும் வருமானத்தில் 30 சதவீதம்தான்.

அரசுக் குடியிருப்பில் உள்ளூர் வீட்டுவசதி ஆணையமே வீட்டுக்காரர். வேலை போனால் வாடகையும் குறையும். ஆனால் பழுதுபார்க்கப் போதிய பணம் வருவதில்லை. செயின்ட் லூயிஸ் நகரில் 1950-களில் எழுப்பிய புரூயிட்-ஐகோ என்ற அரசுக் குடியிருப்பின் 33 கட்டடங்களை 1972-லேயே இடிக்கத் தொடங்கினார்கள். பழியைக் கட்டடக் கலைமேல் போட்டவர்கள் உண்டு. பராமரிப்புச் செலவைக் குடியிருப்போரின் வாடகையிலிருந்தே எடுக்கச் சொன்ன ஏற்பாட்டைத்தான் நான் குறை சொல்வேன். 1998-க்குப் பிறகு, மொத்த வீட்டு எண்ணிக்கையைக் கூட்டவும் சட்டம் விடுவதில்லை.

வவுச்சர் இருந்தால் நல்ல பள்ளி உள்ள பகுதிக்குப் போகலாம். 1994-ல் தொடங்கிய ஒரு சோதனையில், 13 வயதுக்குள் வவுச்சரோடு வறுமை குறைந்த பகுதிக்கு இடம் மாறிய பிள்ளைகள் பெரியவர்களானபின் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். சரி, வீடு யார் தருவது? வவுச்சரை மறுப்பதை மத்திய சட்டம் பொதுவாகத் தடுப்பதில்லை. சில மாநிலங்களும் நகரங்களும்தான் தடுக்கின்றன. கெடுவுக்குள் வீடு அமையாவிட்டால் வவுச்சரே கைநழுவும்.

சின்னப் பிள்ளைகள் இருந்தால் வவுச்சர், வீடு தேடி அலைய முடியாத முதியவருக்கு அரசுக் குடியிருப்பு என்பேன். ஆனால் தகுதியுள்ள நான்கு குடும்பங்களில் ஏறக்குறைய ஒன்றுக்குத்தான் மத்திய வாடகை உதவியே கிடைக்கிறது. அதனால் எந்தக் காத்திருப்புப் பட்டியல் திறக்கிறதோ, அதில் பெயர் கொடுக்கிறார்கள்.