வீடு தேடி வரும் சுகர் மாத்திரை: அம்மாவுக்குக் கிடைத்தது என்ன?

சுகர், பிரஷர் போன்ற நோய்களுக்கு வீடு தேடி வந்து மருத்துவம் தரும் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அடுத்த வருடம் ஊத்தங்கரைப் பக்கம் எங்கள் ஊரில் அம்மாவின் பெயரும் பட்டியலில் ஏறியது. அவருக்குச் சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. அன்றிலிருந்து சுகருக்கான மெட்ஃபார்மினும் பிரஷருக்கான அம்லோடிபினும் வாசலுக்கே வருகின்றன.

"மாத்திரை இலவசமாமே?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது முன்பும் இலவசம்தான். ஆனால் மாத்திரை வாங்கப் போனால் அன்றைய நூறு நாள் வேலைக் கூலி போய்விடும்; பஸ்ஸை விட்டால் மதியம்வரை காத்திருக்க வேண்டும். அதனால் மாத்திரை தீர்ந்த பிறகும் "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று நாட்களைத் தள்ளுவார் அம்மா. வலியே தெரியாமல் சிறுநீரகத்தையும் கண்ணையும் கெடுப்பது இப்படி விடும் இடைவெளிதான். இப்போது அந்த இடைவெளி விழுவதில்லை. என்னைக் கேட்டால், திட்டத்தின் பெரிய பலன் இதுதான்.

மாத்திரை கொண்டு வரும் தன்னார்வலர் எங்கள் ஊர் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண். பிரஷர் கூடியிருந்தால், "கருவாடா, ஊறுகாயா பெரியம்மா?" என்று நேராகக் கேட்பார். பழைய அட்டையில் மாத்திரை மிச்சமிருக்கிறதா என்றும் பார்ப்பார். டாக்டரிடம் மழுப்பும் அம்மா இவரிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறார்.

பக்கவாதம் வந்து படுத்தவர்களுக்கு இயன்முறை சிகிச்சை, முற்றிய நோயாளிகளுக்கு வலி தணிக்கும் பராமரிப்பு ஆகியவையும் இதே திட்டத்தில் உண்டு.

ஆனால் இதை நம்பி ஆஸ்பத்திரியை மறந்துவிடாதீர்கள். வீட்டில் விரலில் குத்திப் பார்ப்பது அந்த நேரத்துச் சர்க்கரையை மட்டும்தான் காட்டும். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், விழித்திரை, பாதம் எல்லாவற்றையும் பார்க்க நேரில்தான் போக வேண்டும். மாத்திரையின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் முடிவு. வருடம் தவறாமல் அம்மாவை அழைத்துப் போகிறேன்.

2024-ல் இத்திட்டத்துக்கு ஐ.நா. அமைப்பின் விருது கிடைத்தது. வெயிலில் வீடு வீடாக நடந்த தன்னார்வலர்கள் வாங்குவதோ மாத ஊக்கத்தொகை. அவர்களுக்கு நிலையான சம்பளம் வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பெயர் பட்டியலில் இல்லையென்றால், துணை சுகாதார நிலையத்தின் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். பழைய மருந்துச் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.