ஐம்பதாவது நாள் புத்தி மாறிய மோட்டார் டைமர்

மோட்டார் டைமர் பெட்டி வாங்கலாமா என்று ராயக்கோட்டைப் பங்காளி போனில் கேட்டார். ரெண்டு வருஷமாக வைத்திருக்கிறேன், சொல்கிறேன்.

பாலக்கோடு பக்கம் எங்கள் போர்வெல் அரை மணி நேரம் ஓடினால் வற்றிவிடும். மறுபடி ஊற ஐந்து மணி நேரமாவது வேண்டும். அதற்கேற்றபடி போட்டு நிறுத்த இந்தப் பெட்டி இருப்பதால், தக்காளிக்குச் சொட்டுநீர் விட நடுராத்திரி எழுந்து போவது நின்றது. அதற்காகவே இதைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

முதல் வருஷம் ஒரு குறையும் இல்லை. கரண்ட் போய் வந்தால் கணக்கை முதலிலிருந்து தொடங்குகிறதே என்று, போன ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு அன்று காலை பத்து மணிக்கு, ஒகேனக்கல் கிளம்பும் முன் பாட்டரி மாட்டினேன். செப்டம்பர் 21 ராத்திரி மோட்டார் ஓய்வே இல்லாமல் ஓடி, தண்ணீரில்லாமல் சுற்றி, உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) கருகிவிட்டது.

ஓசூரில் வேலை பார்க்கும் அக்கா மகன் கேட்டது ஒரே கேள்வி: “மாமா, பாட்டரி என்னைக்கு மாட்டுனீங்க?”

பிறகு அவன் விளக்கியது இது: பெட்டிக்குள் இருக்கும் சிப், கரண்ட் வந்ததிலிருந்து மில்லி செகண்டாக (செகண்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு) எண்ணுகிறது. அந்த எண்ணை வைக்க அதில் இருப்பது 32 பிட், அதாவது பூஜ்ஜியமோ ஒன்றோ போடும் 32 கட்டம்; அதில் 429 கோடிச் சொச்சம் வரைதான் இடம். 49 நாள் 17 மணி நேரத்தில் நிரம்பி பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும். எனக்கு அது செப்டம்பர் 22 விடிகாலை மூன்று மணி. அதற்கு முந்தைய ஐந்து மணி நேரத்துக்குள் மோட்டாரை அடுத்து எப்போது போடுவது என்று ‘இப்போது கூட்டல் ஐந்து மணி’ கணக்குப் போட்டால் விடை சுற்றிக்கொண்டு சின்ன எண்ணாகிறது. அந்த நேரம் எப்பவோ தாண்டியாச்சு என்று பெட்டி உடனே மோட்டாரைப் போட்டுவிடுகிறது. ஒரு வருஷமாக என்னைக் காப்பாற்றியது மின்வெட்டுதான்!

கூட்டாமல், இப்போதைய எண்ணிலிருந்து மோட்டார் நின்றபோது இருந்த எண்ணைக் கழித்து, ஐந்து மணி ஆச்சா என்று பார்த்திருந்தால் போதும். லாரி மீட்டர் 99,990 காட்டும்போது டீசல் போட்டு, இப்போது 00,015 காட்டினால் ஓடியது 25 கிலோமீட்டர் என்று கிளீனர் பையனே சொல்லுவான். கம்ப்யூட்டரை இயக்கும் விண்டோஸ் 95-கூட இதே கணக்கில் படுத்ததாம். சரி, அதற்காக என் காயில் காசை யார் தருவது? பெட்டியைச் செய்தவரோ, “மாசம் ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்” என்றார். மூன்றாவது தடவை சத்தம் போட்டதும் புரோகிராமை மாற்றித் தந்தார். காசு வாங்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

அப்புறம் நான்கு முறை அந்த நாள் தாண்டிவிட்டது, ஒன்றும் ஆகவில்லை. நான்கு ராத்திரியும் டார்ச்சோடு போர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

வாங்காதீங்க பங்காளி. மாந்தோப்புக்கு நான் இன்னொரு பெட்டிக்கு ஆர்டர் சொல்லியிருக்கிறேன், அது வேறு விஷயம்.