வால்கிரிண்ட் மெம்செக்: லேட்டாகக் கத்தும் காவல்காரன்

"அட்ரஸ் சானிடைசர் இருக்கும்போது இன்னும் ஏன் வால்கிரிண்டைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்?" என்று ஒரு நண்பர் கேட்டார். இரண்டுமே சி, சி++ புரோகிராம்களில் மெமரித் தப்புகளைத் தேடும் கருவிகள்; மெம்செக் என்பது வால்கிரிண்டில் அந்த வேலையைச் செய்யும் பகுதி. நியாயமான கேள்விதான். சானிடைசர் போட்டால் புரோகிராம் சுமார் 2 மடங்கு மெதுவாகும். மெம்செக்கில் 20, 30 மடங்கு. அதில் த்ரெட் (புரோகிராமுக்குள் இணையாக ஓடும் வேலை) எத்தனை இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். ஸ்டாக்கில் (ஃபங்ஷனின் தற்காலிக மெமரியில்) உள்ள அர்ரேயின் எல்லையைத் தாண்டி எழுதினால் சானிடைசர் கையும் களவுமாகப் பிடிக்கும், மெம்செக் பெரும்பாலும் கோட்டைவிடும்.

இதெல்லாம் பழகிவிட்டது. என் எரிச்சல் வேறு. மால்லாக் செய்து (ஹீப் என்ற பொது மெமரியில் இடம் கேட்டு) வாங்கிய ஒரு ஸ்ட்ரக்டில், அதாவது பல ஃபீல்டுகளின் தொகுப்பில், ஒரு ஃபீல்டுக்கு மதிப்பே கொடுக்கவில்லை என்று வையுங்கள். மெம்செக் சும்மா இருக்கும். அதை மெம்காப்பியில் நகலெடுங்கள், வேறு ஃபங்ஷனுக்கு அனுப்புங்கள், இன்னொரு எண்ணோடு கூட்டுங்கள், அப்போதும் மூச்சு விடாது. பெரும்பாலும் எங்கோ ஒரு இஃப் அந்த மதிப்பைப் பார்க்கும்போதுதான் கத்தும். காட்டுகிற வரி எண்ணும் அந்த இஃபுக்குத்தான். அந்த வரியில் ஒரு தப்பும் இருக்காது! அந்த மதிப்பு எங்கிருந்து வந்தது என்று காட்டும் டிராக்-ஆரிஜின்ஸ் ஆப்ஷனைப் போடலாமே என்பீர்கள். போடலாம், வேகம் இன்னும் பாதியாகும். கிடைப்பது மால்லாக் நடந்த இடம். எந்த ஃபீல்டு என்பதை நாம்தான் தேட வேண்டும்.

அதற்காக அதை முழுக்கத் திட்டவும் முடியவில்லை. ஸ்ட்ரக்டில் ஒரு கேரக்டருக்கு (1 பைட்) அடுத்து ஒரு இன்ட் (முழு எண்) வைத்தால், நடுவில் பொதுவாக 3 பைட் காலியாகக் கிடக்கும். நகலெடுக்கும்போதெல்லாம் கத்தினால் சரியான புரோகிராமும் புகாரில் மூழ்கிவிடும். அதே ஸ்ட்ரக்டை ரைட் சிஸ்டம் கால் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் எழுதச் சொல்லும் அழைப்பு) வழியாக ஃபைலில் எழுதினால் அந்த 3 பைட்டுக்கும் புகார் வரும். சரியான நச்சரிப்பு என்றுதான் முதலில் தோன்றும். அப்புறம் யோசித்தால், ஹீப்பில் அதற்கு முன் இருந்த ஏதோ ஒன்று ஃபைலுக்குள் போகிறது. அது பாஸ்வேர்டின் ஒரு துண்டாகக்கூட இருக்கலாம்.

மதிப்பு கொடுக்காததைப் பயன்படுத்தும் இந்த வகைத் தப்பை அட்ரஸ் சானிடைசர் பார்ப்பதே இல்லை. கிளாங் கம்பைலரின் மெமரி சானிடைசர் பார்க்கும், ஆனால் எல்லா லைப்ரரியையும் அதற்கென்று மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். மெம்செக்குக்கு அது தேவையில்லை, சோர்ஸ் கையில் இல்லாத பைனரியையும் (கம்பைல் ஆன புரோகிராமையும்) அப்படியே ஓட்டிவிடும்.

இவ்வளவு சொன்ன பிறகும், புதிதாகத் தொடங்குபவர்களை சானிடைசர் பக்கமே போகச் சொல்வேன். இதோடு மல்லுக்கட்டப் பொறுமை வேண்டும். இன்றைக்கு அது எனக்கே இல்லை.