குபெர்னெட்டிஸா, லாம்ப்டாவா? நடுவில் இன்னொன்றும் இருக்கிறது

புதிய ஆப் எழுதலாம் என்று உட்கார்ந்தாலே டீமில் முதல் நாள் வரும் சண்டை இது. குபெர்னெட்டிஸ் இல்லையென்றால் நான் இல்லை என்பார் ஒருவர், சர்வரே எதற்கு, எல்லாவற்றையும் லாம்ப்டாவில் தட்டிவிடு என்பார் இன்னொருவர். குபெர்னெட்டிஸ் என்பது கன்டெய்னர்களை, அதாவது ஆப்பையும் அதற்குத் தேவையானதையும் சேர்த்துக் கட்டிய பொட்டலங்களை, பல சர்வர்களில் ஓட்டி மேய்க்கும் மென்பொருள். லாம்ப்டா அமேசானின் சேவை, ஆப்புக்குக் கோரிக்கை (அழைப்பு) வரும்போது மட்டும் நம் கோடை ஓட்டும், சர்வரை நாம் பார்க்க வேண்டாம், இந்த வகையைத்தான் சர்வர்லெஸ் என்பார்கள். இரண்டுமே 2014இல் வெளிவந்தவை. இரண்டிலும் குப்பை கொட்டியவன் நான்.

என் கையில் இருந்தது கல்யாண மண்டப புக்கிங் ஆப். பஞ்சாங்கம் வந்து முகூர்த்தத் தேதிகள் தெரிந்தால் கூட்டம் அள்ளும், மற்ற நாட்களில் ஈ ஓட்டும். இதற்கு லாம்ப்டா கச்சிதம் என்றுதான் நினைத்தோம். மாதம் முதல் 10 லட்சம் அழைப்புகள் இலவசம், அதற்கு மேல் 10 லட்சத்துக்கு 20 சென்ட், கூடவே ஓடிய நேரத்தை மில்லி செகண்ட் கணக்கில் எடுப்பார்கள். ஈ ஓட்டும் மாதத்தில் பில் கிட்டத்தட்ட பூஜ்யம்.

சரி, கூட்டம் வந்த அன்று என்ன ஆனது? வழக்கமான லாம்ப்டாவில் ஒரு இன்ஸ்டன்ஸ் (ஓடும் ஒரு நகல்) ஒரு நேரத்தில் ஒரு அழைப்பைத்தான் கவனிக்கும். முன்னூறு பேர் ஒரே நேரத்தில் வந்தால் முன்னூறு இன்ஸ்டன்ஸ், ஒவ்வொன்றும் டேட்டாபேஸுக்குத் தனி கனெக்ஷன் கேட்கும். எங்கள் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் தானாக வைத்திருக்கும் கனெக்ஷன் வரம்போ 100. லாகைத் திறந்தால் வரிசையாக ஒரே வரி: ‘சாரி, டூ மெனி கிளையன்ட்ஸ் ஆல்ரெடி’. நடுவில் கனெக்ஷன்களைப் பகிர்ந்து கொடுக்கும் ஒரு ப்ராக்ஸி வைத்திருந்தால் தப்பித்திருக்கலாம், வைக்காதது எங்கள் தப்புதான்.

அப்புறம் கோபத்தில் குபெர்னெட்டிஸுக்குத் தாவினோம். அமேசானில் கிளஸ்டரை (சர்வர் கூட்டத்தை) நிர்வகிக்க மட்டும் மணிக்கு 10 சென்ட், அதாவது நம் ஆப் ஒரு வரிகூட ஓடுவதற்கு முன்பே மாதம் சுமார் 73 டாலர். பணத்தைவிட ஆள்தான் பிரச்சினை. வருடத்துக்கு மூன்று புதிய வெர்ஷன் வரும், ஒன்றுக்குச் சுமார் 14 மாதம்தான் ஆதரவு, அப்கிரேடு செய்யாமல் சோம்பி இருந்தால் அந்த 10 சென்ட் 60 சென்ட் ஆகிவிடும். யாமல் என்ற செட்டிங்ஸ் ஃபைலில் ஒரு ஸ்பேஸ் தள்ளிப் போனதைத் தேடி இரவு இரண்டு மணி வரை விழித்த அனுபவம் பலருக்கும் இருக்கும். நாற்பது சர்வீஸ், அதைப் பார்க்கவே தனி டீம் என்றிருக்கும் நிறுவனத்துக்கு இது சரி. மூன்று பேர் டீமுக்கு இது யானையைக் கட்டித் தீனி போடுவது.

கடைசியில் வந்து நின்ற இடம் நடுவில் இருப்பது. கூகுளின் கிளவுட் ரன் 2019இல் வந்தது, மைக்ரோசாஃப்டின் கன்டெய்னர் ஆப்ஸும் அதே வகை. கன்டெய்னரைக் கொடுத்துவிட்டால் போதும், ஆள் வராதபோது பூஜ்யத்துக்கு இறங்கிவிடும், ஆனால் ஒரே இன்ஸ்டன்ஸ் பல அழைப்புகளைச் சேர்த்து வாங்கும். கிளவுட் ரன்னில் நாம் ஒன்றும் மாற்றாவிட்டால் அது 80. டேட்டாபேஸ் கனெக்ஷன் தலைவலி பெருமளவு அடங்கியது. மைக்ரோசாஃப்டுடையதில் உள்ளே ஓடுவது என்னவோ குபெர்னெட்டிஸ்தான், நம் கண்ணில் படாது, அவ்வளவே. தூங்கி எழும் முதல் அழைப்புக்கு ஒரு தாமதம் இங்கும் உண்டு. ஒரு இன்ஸ்டன்ஸை எப்போதும் விழித்திருக்கச் சொல்லலாம், அதற்குத் தனிக் காசு.

2023இல் பிரைம் வீடியோ டீம் ஒன்று சர்வர்லெஸ்ஸை விட்டு ஒற்றை ஆப்பாக மாறி 90 சதவீதச் செலவைக் குறைத்ததாக எழுதியதே, அதைக் காட்டி சர்வர்லெஸ் செத்துவிட்டது என்று இன்னும் சிலர் ஃபார்வர்டு செய்கிறார்கள். அது வீடியோ தரத்தைக் கண்காணிக்கும் ஒரு கருவி மட்டும், மொத்த பிரைம் வீடியோவும் இல்லை.

இனி எழுதுபவர்களுக்கு நான் சொல்வது, முதலில் கன்டெய்னராக எழுதுங்கள், எங்கே ஓட்டுவது என்பதைப் பிறகு பார்க்கலாம். லாம்ப்டாவே 2020 முதல் 10 ஜிபி வரை கன்டெய்னர் இமேஜை (அந்தப் பொட்டலத்தின் ஃபைலை) ஏற்கிறது, ஓட்டும் இடம் மாறினாலும் முக்கால்வாசி அப்படியே கூட வரும். எங்கள் ஆப்பில் முகூர்த்த நினைவூட்டல் எஸ்எம்எஸ் அனுப்பும் வேலை மட்டும் இன்னும் லாம்ப்டாவில்தான் ஓடுகிறது, அதற்கு வரும் மாத பில்லில் ஒரு டீகூட வாங்க முடியாது என்பதால் அதை யாரும் தொடுவதில்லை.